டாக்டர் டேபிளில் ஸ்பெஷாலிட்டி ஃபீல்டு: ஒருவரே இரண்டு துறையில் ஓ.பி. பார்த்தால் எப்படி வைப்பது?

வைகைக்கரை:
வணக்கம். நடுத்தர அளவு மருத்துவமனை ஒன்றின் மென்பொருளை ஒரு சின்ன டீமாகப் பார்த்துக்கொள்கிறோம். டாக்டர் டேபிளில் ஸ்பெஷாலிட்டிக்கு ஒரே ஃபீல்டுதான், டிராப்டவுனில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும்.

எங்களிடம் ஒரு டாக்டர் எம்.டி. பொது மருத்துவம் முடித்து, அதற்கு மேற்படிப்பான டி.எம். கார்டியாலஜியும் (இதயநோய்த் துறை) முடித்தவர். திங்கள், வியாழன் காலையில் பொது மருத்துவ ஓ.பி., மற்ற நாட்களில் கார்டியாலஜி. டேபிளில் கார்டியாலஜி என்று இருப்பதால், மாத ரிப்போர்ட்டில் அவர் பார்த்த காய்ச்சல் கேஸ் எல்லாம் கார்டியாலஜி கணக்கில் ஏறுகிறது. நிர்வாகத்தில் கேட்கிறார்கள். இதை மல்ட்டி-செலக்ட் ஆக்கினால் போதுமா? அடுத்து ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் (மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்கும் மத்திய அரசுத் திட்டம்) இணைப்பும் வருகிறது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நள்ளிரவு_பில்டு:
மல்ட்டி-செலக்ட் போட்டு, அதில் ஒன்றுக்கு ‘பிரைமரி’ டிக் வையுங்கள். அமெரிக்காவில் மருத்துவர்களுக்கு அடையாள எண் கொடுக்கும் என்.பி.ஐ. பதிவேட்டிலும் அப்படித்தான்: ஒரு மருத்துவருக்கு 15 டாக்ஸானமி (துறை வகை) குறியீடுகள் வரை, அதில் ஒன்று பிரைமரி.

தரவுத்தச்சன்:
அது பதிவேட்டுக்குச் சரி. அங்கே கேள்வி ‘இவர் யார்’ என்பது. வைகைக்கரையின் கேள்வி வேறு: திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்தவரை எந்தத் துறையில் எண்ணுவது? டாக்டரின் பெயருக்கு நேராக இரண்டு துறையும் இருந்தால் அதற்குப் பதில் கிடைக்காது. பிரைமரியை எடுத்தால் மறுபடியும் கார்டியாலஜியில்தான் போய் விழும்.

டாக்டர் டேபிளிலிருந்து ஸ்பெஷாலிட்டியை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. டாக்டர் படித்தது ஒரு இடத்தில் இருக்கட்டும்: பட்டம், கொடுத்த பல்கலைக்கழகம், மருத்துவ கவுன்சில் பதிவு எண். இங்கே அவர் செய்யும் வேலை இன்னொரு டேபிளில்: எந்த டாக்டர், எந்தப் பிரிவு, எந்த ஸ்பெஷாலிட்டி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை. உங்கள் டாக்டருக்கு அதில் இரண்டு வரிசை வரும். ஓ.பி. அட்டவணை இந்த வரிசையோடு இணைய வேண்டும், டாக்டரோடு நேராக அல்ல. டோக்கன் போடும்போதே துறை தானாக வந்துவிடும், கவுன்டரில் இருப்பவர் எதையும் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலையின் நான்காம் பதிப்பிலும் இதே பிரிப்புதான். பட்டம் ‘ப்ராக்டிஷனர்’ என்ற ரிசோர்ஸில் (தரவு அமைப்பில்) குவாலிஃபிகேஷனாக இருக்கும். ஸ்பெஷாலிட்டி அதில் கிடையாது, ‘ப்ராக்டிஷனர்ரோல்’ என்ற தனி ரிசோர்ஸில் இருக்கும். டிஜிட்டல் மிஷனும் எஃப்.எச்.ஐ.ஆர்.தான் என்பதால் இந்த வேலை அங்கேயும் உதவும்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. நோயாளி வந்த அன்று டாக்டர் எந்தத் துறையில் பார்த்தாரோ, அதை என்கவுன்டரிலேயே (அந்த ஒரு வருகைக்கான பதிவில்) எழுதிவைத்துவிடுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபிரின்ட் எடுத்தபோது டாக்டர் பெயருக்குக் கீழே ‘கன்சல்டன்ட் நியூராலஜிஸ்ட்’ என்று வந்தது. அட்மிஷன் நடந்த வருடத்தில் அவர் பொது மருத்துவத்தில் டியூட்டி டாக்டர், டி.எம். சேரவே இல்லை. பிரின்ட் டெம்ப்ளேட் இன்றைய டாக்டர் டேபிளைப் பார்த்து எழுதியிருக்கிறது. அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகும் கேஸ் ஃபைலுக்கானது. நரம்பியல் நிபுணர் பார்க்காத நோயாளியை அவர் பார்த்ததாக ஆவணம் சொல்வது சாதாரண விஷயமில்லை. நோயாளிக்கும் அநியாயம், டாக்டருக்கும் அநியாயம்.

ரெக்கார்ட்ஸ்_அக்கா:
நான் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். தம்பி சொல்வது சரி. பட்டத்தை வைத்துத் துறையை ஊகிக்கும் சாஃப்ட்வேர் எங்களைப் பாடாய்ப் படுத்தும். எங்கள் வலி நிவாரண கிளினிக்கை நடத்துபவர் மயக்க மருந்து டாக்டர். அவர் பட்டத்தைப் பார்த்தால் அனஸ்தீசியா, ஆனால் ஓ.பி.க்கு வருகிறவர் முதுகுவலிக்காக வருகிறார்.

இன்னொன்று, ஸ்பெஷாலிட்டியை டைப் செய்ய விடாதீர்கள். எங்கள் பழைய டேட்டாவில் ‘கார்டியோ’, ‘கார்டியாலஜி’, ‘ஹார்ட்’ மூன்றும் தனித்தனித் துறையாக நிற்கின்றன.

தரவுத்தச்சன்:
அக்கா சொன்னதற்கு ஸ்னோமெட் சி.டி. (மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பு) குறியீடு வையுங்கள். இந்தியா அதில் உறுப்பு நாடு என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. எடுக்கும்போது மட்டும் கவனம்: கார்டியாலஜி என்ற துறைக்கு 394579002, கார்டியாலஜிஸ்ட் என்ற தொழிலுக்கு 17561000. ஸ்பெஷாலிட்டி ஃபீல்டில் முதலாவதுதான் வர வேண்டும். பொது மருத்துவத்துக்கு 394802001. திரையில் காட்டும் பெயரை உங்கள் மருத்துவமனை வழக்கப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை:
தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. பழைய என்கவுன்டர்களை என்ன செய்வது? எல்லாவற்றிலும் கார்டியாலஜி என்றுதான் இருக்கிறது.

தரவுத்தச்சன்:
டோக்கன் டேபிளில் ஓ.பி. அறை எண்ணும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். பொது மருத்துவத்துக்குத் தனி அறை என்றால் பெரும்பகுதியை அதை வைத்தே பிரித்துவிடலாம். பிரித்ததை ‘பின்னர் கணக்கிட்டது’ என்ற அடையாளத்தோடு புது ஃபீல்டில் எழுதுங்கள், பழைய மதிப்பின்மேல் எழுதாதீர்கள். அறை தெரியாதவற்றை ‘தெரியவில்லை’ என்றே விடுங்கள். கிழமையை மட்டும் நம்பிப் பிரிக்க வேண்டாம், அவர் லீவு போட்ட நாளில் வேறு டாக்டர் வந்திருப்பார்.

ரெக்கார்ட்ஸ்_அக்கா:
அறை எண் இல்லாவிட்டால் ஓ.பி. ரிஜிஸ்டரைக் கேளுங்கள். பல இடங்களில் நர்ஸ் இன்னும் கையால் எழுதித் துறைவாரியாக வைத்திருப்பார்.