வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் அரிப்பு: என்னவாக இருக்கும்?

கேள்வி:
ஒரே வீட்டில் மூன்று பேருக்கு அடுத்தடுத்து அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகள். பகலில் பரவாயில்லை, படுத்தால் தூக்கமே இல்லை. சோப்பு மாற்றியாச்சு, அலர்ஜி மாத்திரையும் போட்டாச்சு. நாலாவது ஆளுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அப்போ இது ஒட்டுமா, ஒட்டாதா?

பதில் 1:
முதலில் சந்தேகப்பட வேண்டியது சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி முட்டையிடும். அதன் முட்டைக்கும் கழிவுக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை தொற்றியவருக்கு அது தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகலாம். ஆக, நாலாவது ஆள் தப்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரிடமிருந்தும் பரவும்.

விரல் இடுக்கை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் நீளத்தில் பென்சிலால் கிறுக்கியது போல நெளிந்த கோடு தெரிந்தால் அநேகமாக அதுதான். கோடு தெரியாவிட்டாலும் சிரங்கு இல்லை என்று ஆகிவிடாது. தூங்கும்போது மூடாத இடங்களில் மட்டும் தடிப்பு என்றால் மெத்தையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதில் 2:
டாக்டர் உறுதி செய்தால் வழக்கமாக எழுதுவது 5% பெர்மெத்ரின் க்ரீம். பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம். பொரி உள்ள இடத்தில் மட்டும் தடவுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவ வேண்டும். தொப்புள், பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு, வெட்டிய நகத்தின் அடி எதுவும் விடக்கூடாது. வெந்நீரில் குளித்த சூட்டோடு வேண்டாம், உடம்பு ஆறி உலர்ந்ததும் தடவுங்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவணும். 7 நாள் கழித்து இன்னொரு முறை.

நாலு பேரும் ஒரே ராத்திரியில் தடவணும், அரிப்பு இல்லாதவரும் சேர்த்து. ஆளுக்கொரு நாள் என்று போனால் பூச்சி சுற்றிச் சுற்றி வரும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
துணி விஷயம்: கடைசி 3 நாளில் உடுத்தியது, போர்த்தியது, துண்டு எல்லாவற்றையும் 50 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். உடம்பை விட்டால் பூச்சி பொதுவாக 2, 3 நாள்தான் தாங்கும். வீடு முழுக்க மருந்து அடிப்பது வீண் வேலை.

ஸ்டீராய்டு கலந்த அரிப்பு க்ரீமை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிவப்பு அடங்கும், பூச்சி அப்படியே இருக்கும், பார்க்கிற டாக்டருக்கும் அடையாளம் பிடிபடாது.

கேள்வி கேட்டவர்:
க்ரீம் போட்ட பிறகும் அரித்தால்?

பதில் 2:
2 முதல் 4 வாரம் அரிக்கும். செத்த பூச்சி தோலுக்குள் கிடக்கிறதே. அதைப் பார்த்துப் பயந்து தினமும் பெர்மெத்ரின் போட்டால் தோல் எரிச்சலாகி அரிப்பு இன்னும் கூடும். புதுப் பொரி கிளம்பினாலோ, 4 வாரம் தாண்டியும் அரித்தாலோ மறுபடி காட்டுங்கள். சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே.