ஃப்ளோட் பவுல் ஸ்க்ரூவில் மரை போய்விட்டது, என்ன செய்யலாம்?

கேட்டவர்:
படகின் அவுட்போர்டு இன்ஜின், நான்கு ஸ்ட்ரோக். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஃப்ளோட் பவுலை (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) நான்கு எம்5 (5 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. அதில் ஒன்று எவ்வளவு திருப்பினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கழற்றினால் அலுமினியம் சுருள் சுருளாக ஸ்க்ரூவோடு வருகிறது. கேஸ்கெட் புதிது, இருந்தும் அந்த மூலையில் பெட்ரோல் கசிகிறது. எபாக்சி வைத்து ஒட்டலாமா, இல்லை கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில் 1:
கசிவு நிற்கும் வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும்.

எபாக்சி வேண்டாம். எல்லா எபாக்சியும் பெட்ரோலைத் தாங்காது, தாங்கினாலும் அடுத்த முறை பவுலைக் கழற்றும்போது பழையபடிதான். கார்புரேட்டரை மாற்றவும் அவசியமில்லை. முதலில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்து பாருங்கள். பல கார்புரேட்டர்களில் ஸ்க்ரூ துளையின் மேல்பாதியில் மட்டும்தான் பிடித்திருக்கும், கீழே மரை புதிதுபோல இருக்கும். அப்படி இருந்தால் 3 மி.மீ. நீளமான ஸ்க்ரூ போட்டாலே வேலை முடிந்தது. ஆனால் நுனி துளையின் அடியில் முட்டக்கூடாது. முட்டினால் கைக்கு இறுகியது போலத் தெரியும், பவுல் மட்டும் தளர்வாகவே இருக்கும்.

பதில் 2:
5 மி.மீ. டிரில் விட்டு எம்6 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.

பதில் 3:
எம்6 போட்டால் பவுலின் காதில் இருக்கும் துளையையும் பெரிதாக்க வேண்டும், ஸ்க்ரூ தலை அங்கே சரியாக உட்காருமா என்பதும் சந்தேகம். ஹெலிகாயில் நல்லது, அதாவது துளைக்குள் இறக்கும் ஸ்டீல் கம்பிச் சுருள், அதுவே புது மரை ஆகிவிடும். ஹெலிகாயில் என்றால் துளையைச் சுற்றி உலோகச் சுவர் அதிகம் மிஞ்சும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையில்லை: எம்5 ஹெலிகாயிலுக்கும் டேப் வெட்டிய பிறகு துளை சுமார் 6 மி.மீ. ஆகிவிடும். ஆதாயம் வேறு. பழைய எம்5 ஸ்க்ரூவே போகும், பவுலைத் தொட வேண்டாம், இனி ஸ்க்ரூ உரசப்போவது ஸ்டீல் மரையில்.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன். துளை 9 மி.மீ. ஆழம்தான், கீழேயும் மரை இல்லை. சுற்றியுள்ள சுவர் தடிமனாகவே இருக்கிறது. அப்படியானால் ஹெலிகாயில்தான். எந்த நீளம் வாங்குவது?

பதில் 3:
எம்5 × 0.8 (0.8 மி.மீ. என்பது மரை இடைவெளி), நீளம் 5 மி.மீ. வாங்குங்கள். 7.5 மி.மீ. நீளமும் கிடைக்கும், ஆனால் அடி மூடிய துளையில் டேப்பின் கூம்பு முனைக்கும் இடம் வேண்டுமே. கார்புரேட்டரைக் கழற்றி, ஃப்ளோட், ஊசி, ஜெட் எல்லாம் எடுத்துவிட்டு, 5.2 மி.மீ. பிட்டில் 9 மி.மீ. உயரத்தில் ஒட்டு நாடா சுற்றி அடையாளம் வைத்துத் துளையுங்கள். முடிந்தால் டிரில் ஸ்டாண்டில் செய்யுங்கள், கையில் பிடித்தால் சாய்ந்துவிடும். மரை வெட்டும் டேப் ஹெலிகாயில் கிட்டிலேயே வரும், சாதாரண எம்5 டேப் உதவாது. சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக வெட்டுங்கள். சுருளை மேல்மட்டத்துக்கு அரை மரை கீழே இறக்கி, சுருளின் அடிமுனையில் இருக்கும் வால் துண்டை உடைத்து, நீளமூக்கு இடுக்கியால் மறக்காமல் வெளியே எடுங்கள். பிறகு எல்லா ஓட்டைகளிலும் காற்று அடியுங்கள், ஒரு அலுமினியத் தூள் போதும் ஜெட்டை அடைக்க.

பதில் 1:
அப்படியே பவுலின் விளிம்பைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தளர்ந்திருந்தபோது மற்ற மூன்றையும் யாராவது மூச்சுப் பிடித்து இறுக்கியிருந்தால் விளிம்பு வளைந்திருக்கும், புது மரை போட்டும் கசியும்.

கேட்டவர்:
விளிம்பு சரியாக இருக்கிறது. கடைசியாக ஒன்று, ஸ்க்ரூவுக்கு மரைப் பசை போடலாமா?

பதில் 3:
பசை வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஸ்டீலும் அலுமினியமும் சேர்ந்தால் அரித்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் சுருளை இறக்கும் முன் அதன் வெளிப்பக்கத்திலும், பிறகு ஸ்க்ரூவிலும் ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் களிம்பு) கொஞ்சம் தடவுங்கள். அதிர்வுக்கு ஸ்ப்ரிங் வாஷர் போதும். எதிரெதிர் மூலையாக, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். இன்ஜினில் ஏற்றுவதற்கு முன் மேசையில் வைத்து பெட்ரோல் ஊற்றி, அடியில் காகிதம் விரித்து, ஈரம் படுகிறதா என்று பாருங்கள்.