‘காப்பர்-பாட்டம்டு’: கப்பலுக்கும் கியாரண்டிக்கும் ஒரே சொல்லா? உதவி தேவை

கேள்வி

வணக்கம். பிரிட்டிஷ் கடற்படை வரலாறு பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், ‘காப்பர்-பாட்டம்டு’ என்ற சொல்லில் வந்து வேலை நின்றுவிட்டது. 1780களைப் பற்றிய கட்டுரையில் அது கப்பலுக்கு அடைமொழியாக வருகிறது, அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் முன்னுரையில் ஒரு ஆவணத்தை ‘காப்பர்-பாட்டம்டு ஆதாரம்’ என்கிறார்கள், இன்னோரிடத்தில் அரசு தந்த ‘காப்பர்-பாட்டம்டு கியாரண்டி’ என்று வருகிறது. கையில் இருக்கும் அகராதி ‘செம்பு அடி உடைய’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. நம் வீடுகளில் காப்பர் பாட்டம் என்றால் அடியில் செம்பு ஏற்றிய எவர்சில்வர் பாத்திரம்தான். அதற்கும் கியாரண்டிக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் எப்படி எழுதுவது?

பதில் 1

ஒரே சொல்தான். பாத்திரத்தை விட்டுவிடுங்கள், கப்பலிலிருந்து வாருங்கள்.

மரக்கப்பலுக்குப் பெரிய எதிரி கப்பல் புழு. புழு என்று பெயரே தவிர சிப்பி இனம். வெளியே ஊசி முனை அளவு ஓட்டை போட்டு உள்ளே போய், பலகையைக் குடைந்துகொண்டே வளரும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெப்பமண்டலக் கடல்களில் இது இன்னும் மோசம். இதோடு பாசியும், கொட்டலசு என்கிற ஓடுள்ள சிறு கடலுயிரும் அடியில் அப்பிக்கொண்டால் கப்பலின் வேகம் போய்விடும். அதனால் 1761ல் ‘அலார்ம்’ என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடியில் சோதனையாகச் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். புழு நெருங்கவில்லை. செம்பு கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் அதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டவும் முடியவில்லை.

அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1779 வாக்கில், சார்லஸ் மிடில்டன் கடற்படை நிர்வாகத்தில் கம்ப்ட்ரோலராக, அதாவது கப்பல் கட்டுவதையும் பராமரிப்பதையும் கவனிக்கும் வாரியத்தின் தலைவராக இருந்தபோது, போர்க்கப்பல்களுக்கு மொத்தமாகத் தகடு அடிக்கத் தொடங்கினார்கள். 1780 ஜனவரியில் போர்ச்சுகலின் செயின்ட் வின்சென்ட் முனைக்கு அருகே பிரிட்டிஷ் அட்மிரல் ரோட்னியின் தகடு அடித்த கப்பல்கள், ஓடிய ஸ்பானியக் கப்பல்களைத் துரத்திப் பிடித்தன. அப்படிப் பெயர் வாங்கிய பிறகு, காசு போட நம்பலாம் என்கிற எதற்கும் இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலை விட்டுக் கரை ஏறிவிட்டது. இன்றும் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான் வரும், குறிப்பாகப் பணம், உத்தரவாதம், ஆதாரம் பற்றிய பேச்சில்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் கதையில் பாதி விடுபட்டிருக்கிறது, மொழிபெயர்ப்பாளருக்கு அதுவும் வேண்டும். அலார்ம் திரும்பி வந்ததும் 1763ல் அடியைப் பார்த்தார்கள். செம்பு நன்றாக இருந்தது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப்போய்க் கிடந்தன. கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும். சில ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன, ஏன் என்று பார்த்தால் தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் அங்கே கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே இருந்திருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் அது, ஒரு துண்டுத் தாள் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆணி மட்டும் இல்லை, கப்பலையே சேர்த்துப் பிடிக்கும் பெரிய இரும்பு போல்ட்டுகளுக்கும் இதே கதிதான். 1780களில் செப்புக் கலவை போல்ட்டுகளுக்கு மாறிய பிறகுதான் தகடு நம்பகமானது. ஆகவே உங்கள் 1780களின் கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் அதை ‘உறுதியான கப்பல்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அடியில் தகடு இருந்தது என்பதே அதன் பொருள், உறுதி பற்றிச் சந்தேகம் இருந்த காலம் அது.

பதில் 3

முன்னுரைக்கு ‘புடம் போட்ட ஆதாரம்’ எப்படி?

பதில் 2

அழகாக இருக்கிறது, ஆனால் புடம் போடுவது மாசு நீக்குவது. இங்கே மாசைப் பற்றிப் பேச்சே இல்லை, ஓட்டை விழாது என்பதுதான் விஷயம். ‘அசைக்க முடியாத ஆதாரம்’, ‘முழுக்க நம்பத்தக்க உத்தரவாதம்’ என்று நேராகப் போகலாம். பேச்சுத் தொனி வேண்டுமென்றால் ‘கெட்டியான’ போதும். உருவகத்தைக் காப்பாற்ற நினைத்துச் செம்பை இழுத்து வந்தால் தமிழ் வாசகர் பாத்திரத்தைத்தான் நினைப்பார்.

கேட்டவர்

மிக்க நன்றி, இது போதும் என்று நினைத்த நேரத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறது. கப்பல் விற்பனை அறிவிப்பு ஒன்றில் ‘காப்பர்-ஃபாஸன்டு’ என்று தனியாக இருக்கிறது. அயர்லாந்து அரசியல் பற்றிய ஒரு குறிப்பில் ஒப்பந்தத்தை ‘காப்பர்-ஃபாஸன்’ செய்தார்கள் என்று வினையாகவே வருகிறது. இதுவும் அதேதானா?

பதில் 1

நெருங்கிய உறவு, ஆனால் வேறு. பாட்டம்டு என்பது வெளியே அடித்த தகடு. ஃபாஸன்டு என்பது பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட், ஆணிகூடச் செம்பாக இருப்பது. மேலே சொன்ன அரிப்புக்கு அப்புறம் கப்பல் வாங்குகிறவர் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார், அதனால்தான் அறிவிப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அயர்லாந்து ஆங்கிலத்தில் வினையாக இன்றும் புழங்குகிறது, ஒப்பந்தம் இனி கழன்றுவிடாதபடி இறுக்குவது என்று பொருள்.

இன்னொன்று, தொகுப்பு 1830களுக்குப் பிறகும் போகிறதா? 1832ல் பர்மிங்காமைச் சேர்ந்த மன்ட்ஸ் என்பவர் சுமார் 60 பங்கு செம்பு, 40 பங்கு துத்தநாகம் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அது விலை குறைவு. 1869ல் கட்டிய ‘கட்டி சார்க்’ கப்பலின் அடியில் இருந்தது அதுதான். அப்படிப்பட்ட கப்பலுக்குச் ‘செம்பு’ என்று எழுதினால் தப்பாகிவிடும், பித்தளை வகைத் தகடு என்று போடுங்கள்.

கேட்டவர்

போகிறது, 1870 வரை. அப்படியானால் 1780களுக்குச் ‘செப்புத் தகடு அடித்த கப்பல்’, விற்பனை அறிவிப்புக்குச் ‘செப்புத் தகடும் செப்பு போல்ட்டும் போட்டது’, பின்னால் வரும் கப்பல்களுக்கு மன்ட்ஸ் உலோகத் தகடு, முன்னுரைக்கு ‘அசைக்க முடியாத ஆதாரம்’. அயர்லாந்துக் குறிப்புக்கு ‘ஒப்பந்தத்தை இறுக்கிக் கட்டினார்கள்’ என்று போடுகிறேன்.

பதில் 2

‘கட்டினார்கள்’ வேண்டாம், கயிறு நினைவுக்கு வரும். ‘இறுக்கிப் பூட்டினார்கள்’ என்று போட்டுப் பாருங்கள்.