விசிட்டிங் கார்டில் மணப்பெண் படம் போடலாமா?

கோண்டாவில் பெடியன்:
கலியாணவீடு, சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு) படமெடுக்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் புது விசிட்டிங் கார்ட் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க நான் எடுத்த மணப்பெண் படம், மறுபக்கம் கறுப்புப் பின்னணியில் தங்கநிற எழுத்து, மேலே பளபளப்பு லமினேஷன் என்று யோசித்திருக்கிறேன். கூட்டாளிமார் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒருவன் இன்ஸ்டாகிராம் இருக்கக் கார்ட் எதற்கு என்கிறான். உங்கள் கருத்து என்ன?

அச்சுக்கூடத்தான்:
தம்பி, எனக்கு பிரஸ்ஸில் டிசைன் வேலை. படத்தை விடுங்கள். 90க்கு 55 மில்லிமீற்றர் துண்டில் என்னத்தைக் காட்டப் போகிறீர்கள்? திரையில் தெரிவது ஒளி, தாளில் விழுவது மை. மண்டபத்து ஊதா வெளிச்சமும் மயில்நீலச் சேலையும் சிஎம்வைகே என்கிற நாலு மை முறைக்கு மாறியதும் மங்கிவிடும், நிழல் இன்னும் இருளும். கார்டை வாங்குகிறவர் பிரஸ்ஸைக் குறை சொல்ல மாட்டார். ‘இவர் எடுக்கிற படமெல்லாம் இருட்டு’ என்றுதான் நினைப்பார். பெயர், தொழில், நம்பர், நல்ல தடித்த தாள். இவ்வளவும் காணும்.

பழைய ஸ்ரூடியோ:
வெள்ளைக் கார்டில் பெயரும் நம்பரும் என்றால் அது சட்டத்தரணிக்கும் பொருந்தும், தண்ணீர் மோட்டர் திருத்துகிறவருக்கும் பொருந்தும். படமெடுக்கிறவன் படத்தைக் காட்டாமல் வேறெதைக் காட்டுவான்? மண்டப வாசலில் ஒரு பெரியம்மாவிடம் கார்டைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடி தேடி எடுத்துப் பெயர் வாசிக்க அவருக்கு எங்கே நேரம், படத்தைத்தான் பார்ப்பார்.

இருள்கிறது என்பதற்கும் வழி இருக்கிறது. கார்டுக்கென்று அந்தப் படத்தைத் தனியாக வெளிச்சமாக்குங்கள். ஒரே ஒரு மாதிரி அடிப்பித்து, போடப்போகிற அதே லமினேஷனையும் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பில்லாத மட் லமினேஷன் நிறத்தைக் கொஞ்சம் அமத்தும் என்பதால் வெறும் தாளில் பார்த்து ஓம் சொல்லக்கூடாது. தோல் சாம்பல் அடித்தால் சியான் என்கிற நீல மையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அச்சுக்கூடத்தான்:
அண்ணை சொல்வது சரி, ஆனால் மாதிரி பார்க்கப் பொறுமை உள்ள ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லோரும் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பிவிட்டு ‘காலையில் வேணும்’ என்கிறவர்கள்தான்.

கோண்டாவில் பெடியன்:
வட்ஸ்அப்பில் அனுப்பினால் ரெசலூஷன் போய்விடுமே?

அச்சுக்கூடத்தான்:
மூன்றரை அங்குலத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1050 பிக்சல்தான் வேண்டும். வட்ஸ்அப் 1600 அளவுக்குச் சுருக்கினாலும் அளவு போதும். ஆனால் சுருக்கும்போது முடியும் சரிகையும் கரைந்து போகும், அதுதான் பிரச்சினை. ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

அந்தக் கறுப்புப் பக்கத்தையும் மறந்துவிடுங்கள். நாலு மையும் சேர்ந்த கறுப்புக்குள் மெல்லிய எழுத்தை விட்டால், மை ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரம் அடைபடும். பர்ஸில் கிடந்து ஓரம் தேய்ந்தால் தாளின் வெள்ளையும் தெரியும்.

சுன்னாகத்து அக்கா:
மை, பிக்சல் எல்லாம் இருக்கட்டும். அந்த மணப்பெண்ணிடம் கேட்டீர்களா? எங்கள் சொந்தத்துப் பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுப் படத்தை ஒருவர் கேட்காமலே கார்டில் போட்டு, நல்லூர்த் திருவிழா நேரம் வீதியில் போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்தார். வகுப்புப் பிள்ளைகள் கையிலும் கிடைத்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றது. படம் எடுக்கக் காசு கொடுத்தோம், விளம்பரத்துக்கு முகம் கொடுக்கவில்லை.

பழைய ஸ்ரூடியோ:
தங்கச்சி, எங்கள் காலத்தில் ஸ்ரூடியோ கண்ணாடியில் பெரிதாகத் தொங்கவிட்டால் சனம் பெருமையாக வந்து பார்க்கும்.

சுன்னாகத்து அக்கா:
கண்ணாடிக்குள் தொங்குகிற படத்தை வேண்டாமென்றால் வந்து கழற்றச் சொல்லலாம் அண்ணை. ஊரெல்லாம் கொடுத்த கார்டை யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது?

பழைய ஸ்ரூடியோ:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கேட்டு எடுத்தால் தவறில்லை. ஓடர் எழுதும்போதே ‘விளம்பரத்துக்குப் பாவிக்கச் சம்மதம்: ஓம் / இல்லை’ என்று ஒரு வரி வைத்துக் கையொப்பம் வாங்கலாம். சாமத்தியவீட்டுப் பிள்ளை என்றால் ஓம் என்றாலும் போடாதீர்கள், அது சின்னப்பிள்ளை.

கோண்டாவில் பெடியன்:
முகம் இல்லாமல் மருதோண்டிக் கை, தாலி, ஆலாத்தித் தட்டு என்று போடலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பத்துப் பேரின் கார்டை அடுக்கினால் எல்லாவற்றிலும் அதே கைதானே?

அச்சுக்கூடத்தான்:
அதோடு ஒரு கமெரா படமும் இருக்கும். பெயரின் முதல் எழுத்துக்குப் பதிலாக லென்ஸ். அதைப் போட்டுத்தரச் சொல்லிக் கேட்காத ஆள் இல்லை.

ஸ்காபரோ மருமகன்:
நான் இதில் வாடிக்கையாளர் பக்கம். போன வருடம் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குப் படமெடுக்க ஆளைத் தெரிவு செய்தது கனடாவில் இருந்துதான். யாரும் என் கையில் கார்ட் தரவில்லை. மாமி ஊரில் வாங்கி வைத்திருந்த கார்ட்களை மேசையில் பரப்பி, போனில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். பளபளப்புக் கார்டில் டியூப் லைட் வெளிச்சம் விழுந்து நம்பர் அப்படியே மறைந்துவிட்டது. தங்கத் தகடு எழுத்து வெறும் கறுப்பாக வந்தது. வாசிக்கக்கூடியதாக இருந்தது மட் கார்ட்தான். அதில்கூட 077 என்றுதான் போட்டிருந்தது, வெளிநாட்டில் இருக்கிறவருக்கு +94 அல்லவா வேண்டும்?

பெடியன், நீங்கள் கார்ட் கொடுக்கிற ஆளும் காசு கொடுக்கிற ஆளும் எங்களூரில் அநேகமாக ஒருவர் இல்லை. அடித்த மாதிரியை மேசையில் வைத்து மட்டமான போனில் ஒரு படம் எடுத்து, உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வாசித்துப் பாருங்கள். படம் போடுவதா விடுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் பிள்ளைகள் தமிழ் வாசிக்கத் தடுமாறுவார்கள், ஒரு பக்கம் ஆங்கிலமும் இருக்கட்டும்.

கமெராவும் காற்றும்:
அப்படியென்றால் கார்டே வேண்டாம். கியூஆர் ஒன்றை மண்டபத்தில் ஒட்டிவிட்டால் அவரவர் ஸ்கான் பண்ணிக்கொள்வார்கள்.

ஸ்காபரோ மருமகன்:
மாமி ஸ்கான் பண்ணுவாரா?

கமெராவும் காற்றும்:
மாமியின் பேரப்பிள்ளை பண்ணும்.

அச்சுக்கூடத்தான்:
கார்டிலேயே கியூஆர் போடலாம். ஆனால் இணையத்தில் இலவசமாகச் செய்து தருகிறவற்றில் சில, இணைப்பைத் தங்கள் தளம் வழியாகச் சுற்றி விடுகின்றன. தவணை முடிந்து காசு கட்டாவிட்டால் கியூஆர் செத்துவிடும், அடித்த கார்டெல்லாம் வீண். இணைப்பு நேரடியாக உள்ளே இருக்கிற கியூஆராகச் செய்யுங்கள், அது காலாவதியாகாது. பெயர், விலாசம், மூன்று நம்பர் என்று எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தால் கட்டங்கள் நுணுகி ஸ்கான் ஆகாது. வட்ஸ்அப்புக்கான குறுகிய இணைப்பு மட்டும் போதும், 94இல் தொடங்க வேண்டும். இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிவர நாலு கட்ட அளவு வெறுமை விட்டு வையுங்கள். தங்கநிறக் கியூஆர் கேட்டு வராதீர்கள்.

இன்னொன்று. தமிழ் எழுத்தை நீங்களே பழைய போட்டோஷொப் பதிப்பில் அடித்து அனுப்பும்போது எழுத்து அமைப்பில் தெற்காசியத் தெரிவைப் போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பல பிரஸ்களில் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருதான் ஓடுகிறது, நீங்கள் தருவது யுனிகோட். எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆகத் தாருங்கள். 1841இல் உதயதாரகை பத்திரிகை அச்சான ஊரில் ஒற்றைக்கொம்பு தவறி நிற்கிற கார்டைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

கோண்டாவில் பெடியன்:
சரி, இப்போதைக்கு இப்படி: 350 ஜிஎஸ்எம் தடித்த தாள், மட். முன்பக்கம் வெள்ளையில் தமிழ்ப் பெயரும் +94 நம்பரும் பெரிதாக. பின்பக்கத்தில் ஆங்கிலமும் கியூஆரும், பாதி இடத்தில் படம். முகம் இல்லை. கை வேண்டாம், மணவறைக்குப் போகும்போது பின்னால் இருந்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது, கொண்டைமாலையும் கூட்டமும் தெரியும். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டேன், ஓம் என்றார்.

பழைய ஸ்ரூடியோ:
முதுகைப் பார்த்து யார் தம்பி ஓடர் தருவார்கள்?

சுன்னாகத்து அக்கா:
நான் தருவேன்.

பழைய ஸ்ரூடியோ:
கூட்டத்தில் இருக்கிறவர்களின் முகம்?

கோண்டாவில் பெடியன்:
அவுட் ஒஃப் ஃபோகஸ் அண்ணை.

அச்சுக்கூடத்தான்:
ஆடி முடிவதற்குள் பைலைத் தாருங்கள். ஆவணி தொடங்கினால் கலியாணக் கார்ட் வேலை குவிந்துவிடும். மாதிரியைப் பார்க்க நேரில், பகலில் வாருங்கள்.