மக்தப் உஸ்தாதுகளுக்கு ஒழுக்க நெறி எழுதுகிறோம், எதையெல்லாம் சேர்க்கலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம்_மக்தப்

அஸ்ஸலாமு அலைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜமாஅத் மக்தப் (பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் வகுப்பு). மஃரிப், இஷா தொழுகைகளுக்கு நடுவே மாலையில் ஒரு மணி நேரம் ஓதுகிறார்கள். 30 பையன்கள் ஹஜ்ரத்திடம் (ஆண் ஆசிரியர்), 18 பெண்பிள்ளைகள் ஆலிமாவிடம் (பெண் ஆசிரியர்). பாதி வீடுகளில் உருது, பாதியில் தமிழ். உஸ்தாதுகளுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கு, ஒரு பக்கத்தில் நெறிமுறை எழுத வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. 'இக்லாஸ் (மனத்தூய்மை) வேண்டும், அன்பு வேண்டும்' என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரம்பு, வாட்ஸ்அப், சம்பளம் என்று அன்றாடம் தட்டுப்படும் விஷயங்களில் என்ன எழுதுவது?

பதில் 1: நாஜிரா_வகுப்பு

வஅலைக்கும் ஸலாம். பிரம்பைப் பற்றி எழுதுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள் பாய். வருகைப்பதிவுக்கும் துஆவுக்கும் 10 நிமிடம் போனால் மீதி 50. 30 பேரிடமும் தனித்தனியாகப் பாடம் கேட்டால் ஆளுக்கு 100 நொடி. ஒருவன் ஓதும்போது 29 பேர் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருக்கும் பிள்ளை பேசும், ஹஜ்ரத்தின் கை பிரம்புக்குப் போகும். 'அடிக்கக் கூடாது' என்று மட்டும் எழுதி நேரத்தை அப்படியே விட்டால், மூன்றாவது வாரமே பிரம்பு திரும்பி வந்துவிடும்.

மூன்று குழுவாகப் பிரியுங்கள்: காயிதா (அரபி எழுத்துப் பாடம்) 12, அம்ம ஜுஸ்வு (குர்ஆனின் கடைசிப் பாகம்) 10, நாஜிரா (குர்ஆனைப் பார்த்து ஓதுவது) 8. ஒவ்வொரு குழுவும் ஹஜ்ரத் முன் 15 நிமிடம். முதல் 5 நிமிடம் சேர்ந்து ஓதட்டும். மீதி 10 நிமிடத்தில் 5 பேரிடம் மட்டும், ஆளுக்கு 2 நிமிடம், தனியாகக் கேட்கலாம். இரண்டு மூன்று நாளில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். காத்திருக்கும் குழு ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் ஓத ஒருவர் பார்க்க வேண்டும். காயிதாப் பிள்ளைகள் எழுத்தை எழுதலாம். 'இன்று யாருடைய முறை' என்ற அட்டை சுவரில் இருந்தால், வசதியான வீட்டுப் பிள்ளைக்கே தினமும் முதல் முறை என்ற மனக்குறையும் வராது.

அடித்தால் பிள்ளை பொய்யும் நடிப்பும் கற்றுக்கொள்ளும் என்று வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (வஃபாத் 1406) தன் 'முகத்திமா' நூலில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பாடம் வராதபோது 'வயிற்று வலி' என்று வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளை இங்கே எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

பதில் 2: தஜ்வீத்_தர்மபுரி

உச்சரிப்புக்காகத் திட்டுவதையும் அடிப்பதையும் தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். நம் பகுதியில் நடக்கும் பெரிய அநியாயம் அதுதான். நம் பக்கத்து வீடுகளில் பேசும் தக்னி உருதில் காஃப் (ق) எழுத்து கா (خ) போலத்தான் ஒலிக்கும். வீட்டில் அப்படியே கேட்டு வளர்ந்த பிள்ளை குர்ஆனிலும் அப்படியே ஓதுகிறது. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ஸா (ث), ஸீன் (س), ஸாத் (ص) மூன்றும் ஒரே 'ச'. இது தாய்மொழிப் பழக்கம். சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தண்டிப்பது தவறு.

திருத்தும் வழி இது. எழுத்துக்கு முன் ஒரு அலிஃபைச் சேர்த்து, எழுத்துக்கு சுகூன் (உயிரொலி இல்லை என்ற குறி) வைத்து 'அக்' என்று சொல்லச் சொல்லுங்கள். சரியான காஃபில் அடிநாக்கு மேலண்ணத்தில் முட்டி மூச்சு நின்றுவிடும். 'கா'வில் மூச்சு கரகரவென்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்தால் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். ஸாவுக்கு (ث) ஒரு சின்னக் கண்ணாடி போதும்: நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொடுவதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு எழுத்துக்கு மேல் திருத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை வாயைத் திறக்கவே பயப்படும்.

இன்னொன்று. பாடம் சரிவராமல் அடுத்த ஜுஸ்வுக்கு (பாகத்துக்கு) தள்ளக் கூடாது. 'எப்போது கத்ம் (குர்ஆனை ஓதி முடிப்பது)?' என்று பெற்றோர் கேட்பார்கள், ஹஜ்ரத்தும் இளகிவிடுவார். தகுதி வருமுன் மேல்படிக்கு ஏற்றாதிருப்பது ஆசிரியரின் கடமை என்று மார்க்க அறிஞர் கஸ்ஸாலி இமாம் தன் 'இஹ்யா' நூலில் எண்ணிச் சொன்ன எட்டுக் கடமைகளில் வைத்திருக்கிறார். தவறை முகத்துக்கு நேரே உடைக்காமல் குறிப்பால் உணர்த்து என்பதும் அதே பட்டியலில்தான். நாலு பேர் முன்னால் 'உங்க வீட்டுத் தொழுகையே தப்பு' என்று சொல்லும் உஸ்தாதுக்கு அதைக் காட்டுங்கள்.

பதில் 3: சட்டம்_ஓசூர்

கல்வி உரிமைச் சட்டம் மதரஸாவுக்குப் பொருந்தாது, அதனால் அடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஏமாற வேண்டாம். 2012 திருத்தம் அந்தச் சட்டத்திலிருந்து மதரஸாவை விலக்கியது உண்மை. ஆனால் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும். பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர் கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 இன்னும் கண்டிப்பானது. பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும் (பிரிவு 19). 'ஜமாஅத்திலேயே பேசி முடிப்போம்' என்று மூடி வைத்தால் நிர்வாகத் தலைவருக்கே ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள், பெரியவர்கள் உயரத்தில் வேண்டாம். தனிப்பாடம் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொருவர் பார்வையில் நடக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் எண்ணுக்கு மட்டும்; பிள்ளையின் எண்ணுக்கு நேராக ஒரு வணக்க வார்த்தைகூடப் போகக் கூடாது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளை ஓதும் வீடியோவை ஸ்டேட்டஸில் போடக் கூடாது.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டணம்_மக்தப்

ஜஸாக்கல்லாஹு கைரன். சம்பளம் பற்றி யாரும் சொல்லவில்லையே? கூலி வாங்கக் கூடாது என்று கஸ்ஸாலி எழுதியதைக் காட்டி ஒரு உறுப்பினர் சம்பள உயர்வைத் தடுக்கிறார்.

பதில் 4: நாஜிரா_வகுப்பு

முற்கால ஹனஃபி மத்ஹப் (சட்டப்பள்ளி) அறிஞர்கள் குர்ஆன் கற்பிக்கக் கூலி கூடாது என்றது சரிதான். அப்போது பைத்துல்மால் (பொது நிதி) ஆசிரியரைத் தாங்கியது. அது நின்றதும் பிற்கால ஹனஃபி உலமாக்களே அனுமதித்தார்கள், இல்லையென்றால் கற்பிக்க ஆளே இருக்காது என்று. அந்த உறுப்பினரிடம் பிற்காலத் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நெறிமுறைத் தாளின் கீழ்ப்பாதியைக் கமிட்டிக்கு ஒதுக்குங்கள்: சம்பளம் 5ஆம் தேதிக்குள், மாதம் இரண்டு நாள் விடுப்பு, ஒரு ஹஜ்ரத்துக்கு 30க்கு மேல் பிள்ளை சேர்த்தால் உதவியாளர் ஒருவர். ஹஜ்ரத்தும் முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகி) ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும்.