பாராசூட் பயிற்சியில் தொடர்வதா, விலகுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பீனிக்ஸ், டர்பன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 20 வயது. இளைஞர்களை ராணுவத்துக்கு எடுக்கும் எம்.எஸ்.டி.எஸ். திட்டத்தில் தென்னாப்பிரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் பாராசூட் படைக்கு நானே கை தூக்கினேன். ப்ளூம்ஃபோன்டைன் டெம்பே முகாமில் ஓட்டம், சுமை, கயிறு எல்லாம் தாண்டி, ஹாங்கர் பயிற்சி எனப்படும் தரைப் பயிற்சி வரை வந்துவிட்டேன். சிக்கல் குதித்துப் பழகும் கோபுரத்தில்தான். ஆப்காஸ் என்று சொல்வார்களே, அதன் வாசலில் நின்றபோது கால் நகரவில்லை. பயிற்சியாளர் கத்திய பிறகுதான் குதித்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அப்படியே. வலது கணுக்கால் வேறு வலிக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். திரும்பிப் போனால் அடுத்து விமானம்தான். அம்மா வந்துவிடு என்று அழுகிறார். தாத்தாவோ, பாதியில் திரும்பியவன் என்ற பேர் நம் வீட்டுக்கு வேண்டாம் என்கிறார். முடித்தவர்கள், விட்டு வந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், முன்னாள் பாராசூட் வீரர்

தம்பி, நானும் அதே டெம்பேயில் பயிற்சி முடித்து விங்ஸ், அதாவது பாராசூட் வீரர் சின்னம், வாங்கியவன். முதலில் கோபுரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் தங்களைத் தவறாக எடை போடுகிறார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கீழே நிற்பவனின் முகம் தெரியும், தரையில் கிடக்கும் கல் தெரியும். விழுந்தால் என்ன ஆகும் என்று உடம்புக்கே கணக்குத் தெரிகிற உயரம் அது. விமானத்திலிருந்து குதிப்பது சுமார் 300 மீட்டரில். அங்கே கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், விமானத்தைவிடக் கோபுரம்தான் மோசம் என்று பின்னால் சொன்னார்கள். நானும் அதையே சொல்வேன். ஆக, கோபுரத்தில் கால் நின்றுபோனது என்பதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதே. நின்ற கால் பிறகு நகர்ந்ததா? ஒவ்வொரு முறையும் கடைசியில் குதித்தாயா? அதைப் பார்.

இனி விமானம். ஹெர்குலிஸின் உள்ளே சூடு, எரிபொருள் வாடை, காதைக் கிழிக்கும் சத்தம். பக்கத்தில் ஒருவன் வாந்தி எடுத்தால் நாலு பேர் எடுப்பார்கள். எழுந்து நில், கொக்கியை மாட்டு, முன்னால் நிற்பவனின் முதுகைச் சரிபார் என்று கட்டளைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். யோசிக்க இடம் விடாமல்தான் அந்த வரிசையையே அமைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, பிறகு நீ வெளியே இருப்பாய். ஸ்டாட்டிக் லைன் தானாகவே பாராசூட்டை இழுத்துத் திறக்கும், நீ எதையும் இழுக்க வேண்டியதில்லை. எண்ணிக்கொண்டே வா, மேலே பார், குடை முழுதாக விரிந்திருக்கிறதா என்று பார். விரியவில்லை என்றால் நெஞ்சில் ரிசர்வ் பாராசூட் இருக்கிறது. ஹாங்கரில் அலுத்துப்போகிற அளவுக்கு உன்னைச் செய்யவைப்பது இந்தச் சில நொடிகளுக்காகத்தான். விரிந்த பிறகு வரும் அமைதியை நான் எப்படிச் சொன்னாலும் உனக்குப் புரியாது, அதை விட்டுவிடுகிறேன்.

பயப்பட வேண்டிய இடம் தரை. வட்டப் பாராசூட்டில் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் வருவாய். ஆள் உயரச் சுவரிலிருந்து முதுகுப் பையோடு குதிப்பது எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி. ப்ளூம்ஃபோன்டைன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்பன் கரையில் இறங்குவதைவிட அங்கே இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் இறங்குவாய். கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று உருண்டு விழுவதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்? அதைச் சலிப்பாக நினைக்காதே. தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு காலை முதலில் நீட்டுபவனுக்குத்தான் கணுக்கால் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். நீ எதற்குப் பயப்படுகிறாய்? குதிப்பதற்கா, குதித்த பிறகு வரும் வாழ்க்கைக்கா? குதிப்பு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பாராசூட் என்பது வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் ஒரு வழி, அவ்வளவுதான். வேலை அதற்குப் பிறகு. சுமையோடு இரவெல்லாம் நடப்பது, ஃப்ரீ ஸ்டேட் குளிரில் வெட்டவெளியில் படுப்பது, எங்கே என்று தெரியாமல் கிளம்பச் சொன்னால் கிளம்புவது. 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் நம் வீரர்கள் சண்டையில் சிக்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி 1 பாராசூட் பட்டாலியன்காரர்கள். 13 பேர் அங்கே இறந்தார்கள். அவர்கள் யாரும் அன்று பாராசூட்டில் குதிக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்வது உன்னைப் பயமுறுத்த அல்ல. பாராசூட் வீரர்களின் மெரூன் தொப்பி வேண்டுமா என்று உன்னை நீயே கேட்கும்போது, இதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மனம் ஆம் என்று சொன்னால் கோபுரத்துப் பயம் பெரிய விஷயமே இல்லை. இதற்கு இல்லை என்று சொன்னால், கோபுரத்தில் நீ எவ்வளவு அழகாகக் குதித்தாலும் வந்துவிடு.

விலகுவதாக இருந்தால் தரையில் விலகு. விமானம் நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருக்கும், இறங்குமிடத்தின் நீளமோ அளவானது. வாசலில் ஒருவன் ஐந்து நொடி தயங்கினால் அவனுக்குப் பின்னால் குதிப்பவன் 300 மீட்டர் தள்ளிப் போய் விழுவான். அது வேலியாக இருக்கலாம், மின்கம்பியாக இருக்கலாம். அதனால் முந்தின நாள் மாலையிலேயே பயிற்சியாளரிடம் போய், சார், எனக்கு இது வேண்டாம் என்று சொல். பழைய யூனிட்டுக்கு அனுப்புவார்கள். ஆர்.டி.யூ., அதாவது யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன் என்று இரண்டு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் குழுவில் அப்படிப் போன ஒருவன் பிறகு சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் நன்றாக வேலை பார்த்தான். இன்னொன்றும் மனதில் வை. விங்ஸ் வாங்குவதற்கு முன் விலகுவது உன் விருப்பம். வாங்கிய பிறகு குதிப்பு என்பது மற்றக் கட்டளைகளைப் போல ஒரு கட்டளை.

சாட்ஸ்வர்த், ஓர் அம்மா

கண்ணா, என் மகன் விட்டு வந்தவன். நீ இருக்கும் அதே இடத்திலிருந்துதான்.

அவன் வந்த வருடம் காவடிக்குப் போனபோது கோவில் வாசலிலேயே இரண்டு பேர் கேட்டார்கள், என்ன, பையன் ஓடி வந்துட்டானாமே என்று. எனக்கு வயிறு எரிந்தது. அவன் அப்பா பல நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அப்போது என் மாமியார்தான் ஒன்று சொன்னார். தீமிதிக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, குழி வரைக்கும் வந்து, மனசு சரியில்லை என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பூசாரி அவர்கள் நெற்றியில் திருநீறு வைத்து அனுப்புவார், யாரும் திட்ட மாட்டார்கள். குழியின் நடுவில் நிற்பதுதான் ஆபத்து, ஒதுங்குவது இல்லை என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. உன் தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பார், அவர் தலைமுறைக்கு இது புரியும்.

ஆனால் ஒன்று. என் மகன் வந்தது என் அழுகைக்காக இல்லை. நான் அழுதேன், நிறைய அழுதேன். அவன், அம்மா, நீங்க அழுறதுக்காக வந்தா காலம் பூரா உங்களைத்தான் குறை சொல்லுவேன், எனக்கே வேண்டாம்னு தோணினா வரேன் என்றான். பிறகு அவனாகவே முடிவு செய்தான். அதனால்தான் இன்றைக்கு எங்களுக்குள் கசப்பு இல்லை. உன் அம்மா அழுவார், அது அவர் இயல்பு. நாங்கள் வேறு என்ன செய்வோம்? அவரைக் கட்டிப்பிடித்துக்கொள். முடிவை மட்டும் அவர் கண்ணீரிடம் கொடுக்காதே, தாத்தாவின் கௌரவத்திடமும் கொடுக்காதே. உன் அம்மா இதைப் படித்தால் என்னோடு பேசச் சொல்.

ஜோகன்னஸ்பர்க், பிசியோதெரபிஸ்ட்

எல்லாரும் மனதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கணுக்காலைப் பற்றிச் சொல்கிறேன். ராணுவப் பாராசூட் குதிப்பில் அதிகம் அடிபடுவது கணுக்கால்தான். வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம், வீக்கம் உண்டா, ஒற்றைக் காலில் நின்றால் ஆடுகிறதா என்றெல்லாம் இங்கே கேட்டுப் பயனில்லை. திரும்பிப் போன முதல் நாளே முகாம் மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநார் பாதி கிழிந்த கணுக்கால் நடக்கும்போது ஏமாற்றும், ஓடும்போதுகூடச் சமாளிக்கும். உருண்டு விழும் வேகத்தில் கைவிட்டுவிடும். சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. குணமான பிறகு அடுத்த குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மூட்டே போய்விட்டால் எந்தக் குழுவும் இல்லை.

கோபுரத்தில் கால் நிற்பதற்கும் இந்த வலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது என் அனுமானம். வலிக்கும் காலை நம்பிக் குதிக்க உடம்பு தயங்கும். அதைக் கோழைத்தனம் என்று நீங்களாகவே பேர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பீனிக்ஸ், டர்பன்

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். பாங்கி பற்றி எனக்கு முன்பே தெரியும், டெம்பேயில் எல்லாருக்கும் தெரியும். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டும் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அதனால் திரும்பிப் போகிறேன். போனதும் முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டுவேன். அவர் குதிக்கக் கூடாது என்றால் அடுத்த குழுவுக்குக் காத்திருக்கிறேன். சரி என்றால் கோபுரத்தில் கூடுதல் நேரம் கேட்பேன். அதிலும் கால் நகரவில்லை என்றால் விமானத்துக்கு முந்தின நாளே சொல்லிவிடுவேன். ஆன்ட்டி, அம்மா உங்கள் பதிலைப் படித்தார். உங்களோடு பேச வேண்டும் என்கிறார். தாத்தா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், முன்னாள் பாராசூட் வீரர்

சரி தம்பி. கூடுதல் நேரம் கேட்கும்போது மற்றவர்கள் முன்னால் கேட்காதே, மாலையில் பயிற்சியாளரைத் தனியாகப் பார்த்துக் கேள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களும் அந்த வாசலில் நின்றவர்கள்தான். வாசலில் நிற்கும்போது கீழே பார்க்காமல் தொடுவானத்தைப் பார்.