புதுப்பிப்பு: பட்டாணியா, அரிசியா, சோயாவா?

ஷேக்கில் கலக்க அரிசிப் புரதப் பொடி மட்டுமே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகுகளில் ஒன்று) குறைவு. பட்டாணியில் லைசின் தாராளமாக உண்டு, ஆனால் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. அதனால் இப்போது 70 பங்கு பட்டாணி, 30 பங்கு அரிசி என்று கலந்து குடிக்கிறேன். பட்டாணியின் மண்வாசனையும் இதில் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

சோயாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: உடலால் தானே தயாரிக்க முடியாத ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் அதில் போதுமான அளவு உண்டு, தனியாகவே போதும். ஒவ்வாமை இருப்பதால்தான் நான் தொடுவதில்லை. ஹெம்ப் விதைப் புரதப் பொடியில் ஏறக்குறைய பாதிதான் புரதம். பட்டாணி ஐசொலேட்டில் (புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்த பொடி) சுமார் 80 சதவீதம்.

அப்புறம், கலக்கியதும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நறநறப்பு நன்றாகக் குறைகிறது.